உன் படத்தை நான்தான் நகர்த்தினேன்

அடியே,

இன்று காலை கடையைத் திறந்தபோது சாமந்தி வாசம் இல்லை. ஷட்டரைத் தூக்கியதும் ஈரப் பூவும் மெஷின் சூடும் கலந்து முகத்தில் வந்து மோதுமே, அது போய்விட்டது. பழையபடி பிரிண்டர் மையும் தூசியும்தான் மணத்தன. ஆயுத பூஜைக்குப் பிறகு இன்றுதான் கடை கடையாக இருந்தது. அதனால்தான் சிஸ்டத்தைக்கூடப் போடாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மாசி வந்தால் நீ போய் ஒரு வருடம். அதற்கு ஒரு பேனர் அடித்துத் தரச் சொல்லி உன் அண்ணன் போன வாரம் கேட்டார். அரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம், அவர் பூக்கடைக்கு மேலே கட்ட வேண்டுமாம். இந்த ஊரில் செத்தவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொடுத்தது நாம்தான். மேகம், புறா, ஓரத்தில் இரண்டு குத்துவிளக்கு, எல்லாம் தனி ஃபோல்டரில் தயாராக இருக்கின்றன. உன் முகத்தை மட்டும் வைத்தால் வேலை முடிந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும். சேலம் ஆஸ்பத்திரிக்குப் போன வண்டியில் காய்ச்சலோடு ஏறியபோது, "அந்த ரிசப்ஷன் ஆல்பத்த நான் வந்து பாத்துக்கறேன், நீ கை வெக்காத" என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. அந்த வார்த்தையை நீ காப்பாற்றவில்லை. நீ போனதற்கு நான் இன்னும் சம்மதிக்கவும் இல்லை.

நாம் இந்தக் கடையைப் போட்டபோது ஊர் சிரித்தது ஞாபகம் இருக்கிறதா? கல்யாண ஆல்பம் டிசைன் செய்ய இரண்டு பொம்பளைகளா என்றார்கள். உன் அண்ணன் மட்டும்தான் தன் பூக்கடைக்குப் பின்னால் இருந்த அறையைத் திறந்து விட்டார். அதை நான் மறக்கவில்லை. டிசைன் எனக்கு, ஒயர் உனக்கு என்று பிரித்துக்கொண்டோம். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரித்து, பெரிய டிஸ்க் இரண்டைப் போட்டு, மானிட்டர்கூட இல்லாமல் மூலைப் பலகையில் ஏற்றி வைத்து, "இதாண்டி சர்வர்" என்றாய். எல்லாக் கல்யாணப் படங்களும் அதில் இருக்கும். எந்த சிஸ்டத்தில் உட்கார்ந்தாலும் இழுத்து வேலை செய்யலாம். பக்கத்திலேயே எல்லா ஒயரும் வந்து சேரும் சின்ன ஸ்விட்ச் பெட்டி. ஒவ்வோர் ஒயருக்கும் ஒரு குட்டி விளக்கு. ஒயர் முனைகளையெல்லாம் நீயே உட்கார்ந்து கட்டரால் அழுத்தி கிரிம்ப் செய்தாய். கட்டை விரல் வீங்கிப்போய், சாப்பாட்டைப் பிசையச் சொல்லி என்னிடம் தட்டை நீட்டியவளும் நீதான்.

அப்போது ஒருநாள் என் சிஸ்டம் மட்டும் நத்தையாக ஊர்ந்தது. நான் மவுஸைத் தூக்கி அடித்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று என்னைச் சீண்டிவிட்டு, நேரே மூலைக்குப் போய் அந்தக் குட்டி விளக்குகளைப் பார்த்தாய். எல்லாம் பச்சை, என்னுடையது மட்டும் ஆரஞ்சு.

"உள்ள எட்டுக் கம்பிடி. எட்டும் சரியா இருந்தா பச்சை எரியும். ஒண்ணு ரெண்டு புட்டுக்கிச்சின்னா ஆரஞ்சு. நின்னுடாது, அதான் கேடு. நொண்டிக்கினே நடக்கும். நடக்குதேன்னு நாமளும் வுட்டுடுவோம்."

மேசைக் கால் என் ஒயரை நசுக்கியிருந்தது. வேறு முனை போட்டுக் கொடுத்தாய். அன்றைக்கு நான் அதை ஒரு பாடமாகக் கேட்கவில்லை. வாய்க்கு வந்ததைப் பேசுகிறாள் என்று டீ சொல்லப் போய்விட்டேன்.

ஆயுத பூஜை அன்று உன் அண்ணன் உன் படத்தைப் பெரிதாக ஃப்ரேம் போட்டுக் கொண்டுவந்தார். "அவ ஆயுதம் இதானம்மா, இது முன்னாடியே இருக்கட்டும்" என்று சர்வருக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் முன்னால் சாய்த்து வைத்தார். நெற்றியில் சந்தனம், குங்குமம். தன் கையாலேயே கட்டிய சாமந்தி மாலை. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் புது மாலை போட்டு, வாடக்கூடாது என்று தண்ணீரும் தெளித்துவிட்டுப் போவார். அழுதுகொண்டே தெளிக்கிற மனுஷனிடம் நான் என்ன சொல்வது?

தீபாவளி முடிந்ததும் ஆரம்பித்தது. ஒரு கல்யாணத்தின் படங்களை இழுக்கப் போட்டால் ஸ்கிரீனில் காப்பி ஆவதைக் காட்டும் கோடு நகரவே நகராது. ஸ்டெல்லாவைத் தெரியும் உனக்கு, நீ வேலைக்குச் சேர்த்த கம்பைநல்லூர்ப் பெண். "அக்கா, நான் வூட்டுக்குப் போயி சாப்ட்டு பஸ் புடிச்சி வந்துடறேன், அதுக்குள்ள காப்பி ஆயிடும்" என்பாள். முதலில் சிரித்தோம். பிறகு ஆல்பம் தள்ளித் தள்ளிப் போய், ஸ்டூடியோக்காரர்கள் போனில் குரலை உயர்த்தத் தொடங்கினார்கள். சிரிப்பு நின்றது.

தர்மபுரியிலிருந்து சர்வீஸ்காரர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். மூன்று சிஸ்டத்தையும் பார்த்தார், வைரஸ் தேடினார், எதை எதையோ அணைத்துப் போட்டார். மூலைப் பலகைப் பக்கம் போனவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நின்றார்.

"படம் வெச்சி பூ போட்டிருக்கீங்க. அதுல நான் கை வெக்கலீங்க" என்றார். "ஒயரெல்லாம் கையாலயே முனை போட்டிருக்காங்க பாருங்க, அதாங்க கோளாறா இருக்கும். எல்லாத்தையும் புதுசா மாத்திடுங்க."

அவர் போனதும், கூட நின்று கேட்டுக்கொண்டிருந்த உன் அண்ணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பாத்தியாம்மா, அரைகுறையா செஞ்சி வெச்சிட்டுப் போயிட்டா. அவளோடவே இதுவும் போயிடுச்சின்னு வெச்சிக்க. தை பொறந்து மூர்த்தம் ஆரம்பிக்கற வரைக்கும் பாரு. சரியாவலன்னா ரூமைப் பூட்டிடலாம். எனக்கும் பூ மூட்டை வெக்க எடம் பத்தல."

பூட்டிடலாம் என்றதைக்கூட நான் தாங்கியிருப்பேன். அரைகுறை என்றதைத் தாங்க முடியவில்லை. வாரா வாரம் உனக்கு மாலை போடும் கை, வீங்கின உன் கட்டை விரலைப் பார்த்ததே இல்லை. உயிரோடு இருந்தால் எதிரே நின்று அவரை நீயே ஒரு பிடி பிடித்திருப்பாய். இல்லாதவள் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் அது ஒட்டிக்கொள்ளும் என்று இந்த உலகம் நினைக்கிறது. ஒட்ட விடமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே சொல்லியிருந்தால் அவரிடம் மரியாதை கெட்டிருக்கும்.

நேற்று, வெள்ளிக்கிழமை காலை, மற்ற வேலையை மூடிவைத்துவிட்டு உன்னைப்போல் யோசிக்க உட்கார்ந்தேன். எது கெட்டாலும் நீ முதலில் சொல்வது ஒன்றுதான். "பந்தியில எல்லாருக்கும் வயித்த வலின்னா சோத்தப் பாரு. ஒருத்திக்கு மட்டும்னா அவளப் பாரு."

மூன்று சிஸ்டமும் மெதுவாக இழுத்தன. அப்படியானால் சோறுதான். அவசரப்படாமல், படங்கள் பொடிப்பொடியாக ஆயிரக்கணக்கில் இருப்பதால் தாமதமோ என்று ஒரே ஒரு பெரிய வீடியோவை சர்வரிலிருந்து ஸ்டெல்லாவின் சிஸ்டத்துக்கு இழுத்தேன். அதுவும் ஊர்ந்தது. பிறகு சர்வரை விட்டுவிட்டு, அதே வீடியோவை ஸ்டெல்லாவின் சிஸ்டத்திலிருந்து என் சிஸ்டத்துக்கு நேராக இழுத்தேன்.

பறந்ததடி. டம்ளரை எடுத்து வாயில் வைப்பதற்குள் வந்துவிட்டது. நீ கையால் முனை போட்ட ஒயர் வழியாகத்தான் போய், நீ கையால் முனை போட்ட ஒயர் வழியாகத்தான் வந்தது. நான் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டியதில் ஸ்டெல்லா பயந்து எழுந்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது சர்வரும், அதிலிருந்து ஸ்விட்ச் பெட்டிக்குப் போகும் முழ நீள ஒயரும்தான். இரண்டும் உன் படத்துக்குப் பின்னால். அந்த ஆரஞ்சு, பச்சை விளக்குகள் அத்தனையும் உன் படத்துக்குப் பின்னால்.

"நானும் நெனச்சேன்க்கா" என்றாள் ஸ்டெல்லா. "நாங்க மாதா கோயிலுக்குப் போறவங்க, நான் போயி உங்க மாலையத் தொட்டா அண்ணன் தப்பா நெனப்பாருன்னு வுட்டுட்டேன்." சர்வீஸ்காரர் தொடவில்லை, அவள் தொடவில்லை, நானும் தொடவில்லை. பூ போட்ட படத்தை நகர்த்தக் கூடாது என்று யாருக்கும் யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. செத்தவளுக்குக் காட்டின மரியாதையில் அவள் செய்த வேலை நொண்டிக்கொண்டிருந்தது.

படத்தைத் தூக்கினேன். உன் நெற்றிச் சந்தனம் காய்ந்து என் சேலையில் உதிர்ந்தது. பின்னால் அழுகின சாமந்தி இதழ்களுக்கு நடுவே ஒரே ஒரு விளக்கு ஆரஞ்சாக எரிந்துகொண்டிருந்தது. சர்வரை அணைத்துவிட்டு அந்த ஒயரைப் பிடுங்கினேன். முனையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. மாலையிலிருந்து வாரா வாரம் சொட்டின தண்ணீர் உள்ளே இறங்கி எட்டுக் கம்பியில் சிலவற்றைத் தின்றுவிட்டிருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நீ பார்த்திருந்தால் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய்.

உன் கிரிம்பிங் கட்டர் டிராயரிலேயே இருந்தது. சிவப்புப் பிடியில் நீ சுற்றின டேப்பும் அப்படியே. நான் அதைக் கையில் எடுத்ததே இல்லை. அது உன் வேலை, நீ இருந்தாய், எனக்கென்ன? களிம்பு பிடித்த முனையை வெட்டி எறிந்தேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று நீ முணுமுணுப்பாயே, அதை நானும் முணுமுணுத்துக்கொண்டே கம்பிகளை வரிசையாக அடுக்கினேன். முதல் முனை பாழ். அடுத்ததில் ஒரு கம்பி வெளியே எட்டிப் பார்த்தது. அதையும் வெட்டினேன். அதற்கடுத்ததை அழுத்தியபோது என் கட்டை விரலும் வீங்கிவிட்டது. ஸ்விட்ச் பெட்டியில் களிம்பு ஏறிய ஓட்டையை விட்டுவிட்டு, காய்ந்த ஓட்டை ஒன்றில் சொருகினேன்.

பச்சை.

ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். நிலுவையில் கிடந்த கல்யாணத்தை இழுத்தோம். மாப்பிள்ளை ஊர்வலம் முதல் பந்தி வரைக்கும் சரசரவென்று வந்து இறங்கியது.

சாயங்காலம் உன் அண்ணன் வழக்கம்போல் மாலையோடு வந்தார். பலகையில் படம் இல்லாததைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது.

"படம் எங்கம்மா?"

"எடுத்துட்டேங்கண்ணே."

"யாரக் கேட்டு எடுத்த?"

"அவளக் கேட்டுத்தான்" என்றேன். எப்படித்தான் அந்த வார்த்தை வந்ததோ. களிம்பு பிடித்த முனையை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இது உங்க மாலைத் தண்ணிங்கண்ணே. அவ செஞ்சதுல கோளாறே இல்ல. அரைகுறைன்னு சொன்னீங்களே, அத மட்டும் திருப்பி வாங்கிக்குங்க. அப்புறம் ரூமைப் பூட்டணும்னா பூட்டுங்க."

அவர் அந்த முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாலை இன்னொரு கையில் தொங்கிக்கொண்டிருந்தது, அதிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது. திட்டுவார் என்று நின்றேன். "நான் தெரியாம சொல்லிட்டம்மா" என்றார். பிறகு, "அப்ப நான் அவளுக்கு என்னாதாம்மா செய்யறது?" என்று கேட்டார். பெரிய ஆள், சின்னப் பிள்ளைபோல் கேட்டார். அவர் மேல் இருந்த கோபம் அந்த இடத்தில் உடைந்துவிட்டது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அவரை மூலைக்குக் கூட்டிப்போய்க் குனியச் சொன்னேன். "இது பச்சையா எரியுதான்னு அப்பப்ப பாத்துக்குங்கண்ணே. ஆரஞ்சு ஆனா சொல்லுங்க. படத்த வூட்ல மாட்டுங்க, பூவும் அங்கயே போடுங்க. இங்க அவ வேலையில இருக்கா."

படத்தையும் மாலையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்துப் போனார். பேனரைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

உன் கட்டரை இப்போது என் ஹேண்ட்பேகில் போட்டுக்கொண்டேன். சாவி, சீப்பு, குடை, கட்டர். கனமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும். தை பிறக்கட்டும், எத்தனை மூர்த்தம் வந்தாலும் வரட்டும். நீ விட்டுப்போன ரிசப்ஷன் ஆல்பத்தில்கூடக் கை வைத்துவிட்டேன், முடிந்தால் வந்து சண்டை போடு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் உன் அண்ணன் தலை தெரிந்தது. பூக்கடையை இன்னும் திறக்கவில்லை. கையில் பூ இல்லை. உள்ளே வராமல் படியில் நின்றே கேட்டார்.

"பச்சையாம்மா?"

"பச்சைதாங்கண்ணே" என்றேன்.