ஆரஞ்சுப் பொட்டு

மச்சி,

உன் கம்ப்யூட்டர் என் மேசையில் மூடி கழன்று கிடக்கிறது. அந்தத் தீய்ந்த வாடை இன்னும் அடிக்கிறது. இத்தனை வருடமாகியும் போகவில்லை.

உன் வீட்டுக்காரம்மா போன வாரம் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். அடையாறு வீட்டைக் காலி செய்கிறார்களாம். "ஓடுனா பையன் எடுத்துக்கினு போறேன்றான் அண்ணே. இல்லன்னா ஞாயித்துக்கெழம காயலாங்கடைதான்" என்றார்கள். ஓட வைத்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இதை நானே எழுதுகிறேன். சிரிக்காதே. நீ போய்ச் சேர்ந்த பிறகு மந்தைவெளியில் பெரியவர்களுக்கான சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். எழுபது வயதில் அ, ஆ. ஒருநாள் பஸ் பலகையில் 'திருவான்மியூர்' என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் ஏறிக் கடைசி வரை போய்த் திரும்பினேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

என் ரேடியோ ரிப்பேர் கடை ஞாபகம் இருக்கிறதா? ஆபீஸ் விட்டு நேராக மயிலாப்பூருக்கு வந்து என் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வாய். ரேடியோவுக்குள் இருக்கும் ரெசிஸ்டன்ஸின் மேல் எழுத்தே கிடையாது, வண்ணக் கோடுதான்; நிறத்துக்கு ஒரு எண். பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு, ஆரஞ்சு மூன்று. அதனால்தான் அந்தத் தொழிலில் நான் பிழைத்தேன். நீயும் அதை விளையாட்டாக மனப்பாடம் செய்தாய். ஆனால் கறுப்புப் பூரான் மாதிரி இரண்டு வரிசைக் கால் வைத்த ஐ.சி. சில்லு வந்தால் நான் மாட்டிக்கொள்வேன். அதன் முதுகில் எல்லாம் எழுத்து.

"கண்ணாடிய வூட்லயே வுட்டுட்டேன் மச்சி. இன்னா போட்டுகீதுன்னு பாரு."

"இன்னா நைனா, உன் கண்ணாடி என்னிக்காச்சும் கடைக்கு வந்துகீதா?" என்று சிரித்துக்கொண்டே படிப்பாய்.

உன் மச்சான் சிங்கப்பூரிலிருந்து இந்தப் பெட்டியை அனுப்பியபோது அதற்கென்று தனித் திரை கிடையாது, நீ என் கடை டி.வி.யில்தான் அதை மாட்டினாய். உன் பெயரால் திரையை நிரப்பிக் கைதட்டினாய். பிறகு ஒருநாள் அது வெறும் கட்டம் கட்டமாகக் காட்டியது. நீ ஆபீசில் இருந்தாய். நீ வருவதற்குள் ஓட வைத்து அசத்தலாம் என்று ஐ.சி.களைப் பிடுங்கி, அழிரப்பரால் கால்களைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். ஒரே அளவில் இரண்டு. கையில் கலந்துவிட்டன. எது எங்கே என்று அவற்றின் முதுகில் இருந்த எழுத்துக்குத்தான் தெரியும். குத்துமதிப்பாகச் சொருகி ஸ்விட்சைப் போட்டேன். புகை வந்தது. திரை கறுத்துப்போனது.

"கரண்ட் ஏறி எறங்கிச்சு மச்சி, அடிச்சிடுச்சு" என்றேன் சாயங்காலம்.

நீ குனிந்து உள்ளே வெகுநேரம் பார்த்தாய். "நம்ம ஏரியா கரண்டு அப்படித்தான் நைனா, வுடு" என்று பெட்டியை மூடி, வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாய். அப்புறம் அதைப் பற்றி நீ பேசவே இல்லை. அன்றைக்கு நீ அந்த எழுத்துகளைப் படித்தாயா? நீ சாகும்வரை நான் உன்னிடம் கேட்காதது அதுதான்.

இப்போது உண்மையான கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நானே படிக்கப்போகிறேன் என்ற குஷியில் உட்கார்ந்தேன். படிக்க வேண்டி வரவே இல்லை. ஒவ்வொரு ஐ.சி.யின் முதுகிலும் ஒரு பெயின்ட் பொட்டு. அது உட்காரும் இடத்துக்குப் பக்கத்திலும் அதே நிறம். பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், என் ரெசிஸ்டன்ஸ் வரிசையிலேயே. நான் மாற்றிச் சொருகிய இரண்டும் சரியான இடத்தில் இருந்தன, சிவப்பும் ஆரஞ்சுமாக.

உன் வீட்டுக்கு போன் போட்டேன். "அவர்தான் அண்ணே. கொலு பொம்மைக்கு வாங்கின பெயின்ட்ட எடுத்துக்கினு ஒரு ஞாயித்துக்கெழம பூரா ஒக்காந்துகினு இருந்தாரு. இன்னாத்துக்குன்னு கேட்டேன். நைனாவுக்குன்னாரு."

சப்ளை நன்றாக இருக்கிறது மச்சி. ஐந்து வோல்ட் சரியாக வருகிறது. திரைதான் கறுப்பு. ஆரஞ்சுப் பொட்டு வைத்ததைத் தொட்டால் விரல் சுடுகிறது, உள்ளே வெந்துபோயிருக்கிறது. இதற்கு மாற்று ஐ.சி. கிடைக்குமா என்று ரிச்சி தெருவில் பார்ட்ஸ் விற்கும் கடை கடையாகக் கேட்டேன். "பெருசு, இது மியூசியத்துல கீதான்னு கேளு" என்றான் ஒருவன். இது இனி ஓடாது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

"ஓடாதும்மா" என்று உன் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன். "பரவால்ல அண்ணே" என்றார்கள். அந்த ஆரஞ்சுப் பொட்டு ஐ.சி.யை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். கண்ணாடியோடு சட்டைப்பையில் இருக்கிறது. குனிந்தால் அதன் கால் நெஞ்சில் குத்துகிறது.

கரண்ட் ஒன்றும் செய்யவில்லை மச்சி. மாற்றிச் சொருகியது நான். எனக்குப் படிக்கத் தெரியாமல் இருந்தது. ஓட வைத்துக் காட்டிவிட்டு இதைச் சொல்லலாம் என்றிருந்தேன். ஓடவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு எழுத்தும் என் கையெழுத்து. படிக்கத்தான் நீ இல்லை.