மட்டக்குளி வழியாகப் போன லொறி

கொட்டாஞ்சேனை,
யூன் 1947

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

மகன் கொன்ஸ்ரன்ரைன் எழுதுவது. நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி?

லொறிகளுக்கு வழி குறித்துக் கொடுப்பதுதானே என் வேலை. வேலைநிறுத்தக்காரர் துறைமுக வீதியை மறித்ததால், அரிசி லொறியை மட்டக்குளி வழியாகத் திருப்பி, நானும் ஏறிப் போனேன். அங்கேயும் கூட்டம் நின்றது. கல் வந்து கண்ணாடியை உடைத்தது. சாரதி மக்கீனை வெளியே இழுத்து இரும்புக் கம்பியால் அடித்தார்கள்.

"அவரை விடுங்கோ! இந்த ரோட்டைச் சொன்னது நான்!" என்று கத்தியபடி அவர்மேல் விழுந்தேன். என் கையில் ஓர் அடிதான், பயப்படாதீர்கள். மக்கீனுக்கு ஒரு கண் போய்விட்டது.

வீக்கத்துக்கு நீங்கள் காய்ச்சும் எண்ணெய் அனுப்புங்கள். அவர் மனைவி ருக்கியாவைப் பார்க்க இன்னும் நான் போகவில்லை. என்ன சொல்வதென்று உடனே எழுதுங்கள், அம்மா. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

கொன்ஸ்ரன்ரைன்