பேட்டரிக் கிண்ணம்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

நீ அங்கே நோய்நொடி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அடுத்த வரியாக இங்கே நாங்களும் நலம் என்று பழக்கதோஷத்தில் கை எழுதிவிட்டது, அடித்துவிட்டேன், பார்த்திருப்பாய். இந்தக் காலத்தில் அப்பா காகிதத்தில் எழுதுகிறாரே, போனில் சொன்னால் ஆகாதா என்று உனக்குத் தோன்றும். போனில் நான் வாயெடுப்பதற்குள் ஒரு நிமிஷம்ப்பா, லைன்ல இருங்க என்று சொல்லிவிட்டு வேறு யாருக்கோ பதில் சொல்லப் போய்விடுகிறாய், நீ திரும்பி வருவதற்குள் நான் சொல்ல வந்தது எனக்கே ஆறிப்போயிருக்கும். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை, நடுவில் யாரும் உன்னைக் கூப்பிட முடியாது. உட்கார்ந்து முழுசாகப் படி.

நீ அனுப்பிய புதுப் போன் போன வாரம் வந்து சேர்ந்தது. பெட்டியை நான் பிரிக்கவில்லை. இதைக் கொடுத்தால் அம்மாவின் கோபம் தணிந்துவிடும் என்று அக்காவிடம் சொன்னாயாமே. இரண்டு மாதமாக அம்மா உன்னோடு பேசவில்லை, கேட்டால் குளிக்கிறாள் என்கிறேன், தூங்குகிறாள் என்கிறேன், பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்கிறேன். ஒரு மனுஷி எத்தனை தடவைதான் குளிப்பாள் என்று உனக்கு ஒருநாளாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? தினமும் காலையில் அவள் அனுப்பும் பூப்படத்துக்கும் சாப்பிட்டியாவுக்கும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டால் அம்மாவோடு பேசியாகிவிட்டது என்று இருந்துவிட்டாய். அவளுக்கு உன்மேல் கோபம் இல்லை தம்பி. அவள் கோபத்தையெல்லாம் கல்யாணமான நாளிலிருந்து நான் ஒருத்தனே குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். உன்மேல் கோபம் எனக்கு.

நம் வீட்டுப் பேட்டரிக் கிண்ணம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்போது நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன், எந்தக் கட்டடத்தில் யார் நடுவில் மாட்டிக்கொண்டாலும் என் போன்தான் அலறும், ஒரு வாய் நிம்மதியாக உள்ளே போகாது. அக்காவுக்கும் ஒரு போன், உனக்கும் ஒரு போன் என்று ஆனபிறகு சாப்பாட்டு மேஜை சந்தைக்கடை ஆகிவிட்டது. அம்மா ஒருநாள் அந்த எவர்சில்வர் கிண்ணத்தைக் கொண்டுவந்து நடுவில் ணங்கென்று வைத்தாள். அணைச்சு வைக்கிறதெல்லாம் செல்லாது, மேஜைக்குக் கீழே மறுபடி உயிர் குடுத்துடுவீங்க, பின்மூடியைக் கழட்டிப் பேட்டரியை இதுல போடுங்க என்றாள். நகத்தால் மூடியை நெம்பிக் கழற்றுவதில் நீதான் கெட்டிக்காரன். நாலு பேட்டரியும் விழுந்தபிறகுதான் அவள் கரண்டியையே தொடுவாள். யாராவது பேசியே தீரவேண்டும் என்றால் எல்லார் கண்முன்னாலும் எழுந்து, கிண்ணத்தில் கைவிட்டு, தன்னுடையதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்த வெட்கத்துக்குப் பயந்தே யாரும் எழுந்ததில்லை. லிஃப்டில் மாட்டியவனை அந்த நேரத்துக்கு என் கூட்டாளி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவனிடமும் அவளே பேசி முடித்துவிட்டாள். வீட்டில் யாருக்கு எது சொல்வதென்றாலும், உன் மார்க்கு குறைந்தாலும் அக்காவுக்கு வரன் வந்தாலும், கிண்ணம் நிறைந்த பிறகுதான் பேச்சு. அது நம் வீட்டுச் சட்டமாகவே ஆகிவிட்டது.

போன தடவை நீ வந்தபோதே எங்கள் இரண்டு பேருக்கும் புதுப் போன் கொண்டுவந்தாய். பழையதை வாங்கிக்கொண்டு போய்க் கடையில் கழித்துவிட்டாய். அம்மா தன் போனிலிருந்த மெமரி கார்டை மட்டும் உருவித் தோட்டு டப்பாவில் போட்டுக்கொண்டாள். புதுசைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு திருகாணி இல்லை, நகம் நுழைய ஓர் இடுக்கு இல்லை, சோப்புக்கட்டி மாதிரி வழுக்குகிறது. நீ சிரித்தாய். ஒட்டினாத்தான்ப்பா மெலிசா இருக்கும், தண்ணிகூட உள்ளே போகாது என்றாய். தண்ணீருக்குள் உட்கார்ந்து நான் யாரோடு பேசப்போகிறேன்? ஆயுசு முழுக்க மெஷினைப் பிரித்து மாட்டியவன் நான், திறக்கவே கூடாது என்று ஒட்டிக்கொடுத்த பொருளைக் கம்பெனிக்காரன் விற்கவில்லை, வாடகைக்கு விட்டிருக்கிறான் என்றுதான் எனக்குப் படும். கார்டு போட இடம் எங்கே என்று அம்மா கேட்டதற்கு, அதெல்லாம் இப்ப எவன்மா வைக்கிறான், இதுலயே எக்கச்சக்க இடம் இருக்கு என்றாய். சொன்னதோடு நிற்காமல் உன் வீடு, உன் கார், உன் ஆபீஸ் மாடியிலிருந்து தெரியும் ரோடு என்று நீ எடுத்து வைத்திருந்த வீடியோ அத்தனையையும் அம்மா பாக்கட்டும் என்று அதில் கொண்டுவந்து கொட்டினாய். பார்த்தாள். உன் குளியலறைக் குழாயைக்கூட இரண்டு தடவை பார்த்தாள்.

நீ கிளம்புவதற்கு முன்னால் ஒருநாள் அக்காவையும் வரச்சொல்லி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோமே, அன்றைக்கு உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று அம்மா காலையிலிருந்தே மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள். எனக்கும் அக்காவுக்கும் விஷயம் தெரியும். தனியாக அழைத்துச் சொல்லேன் என்றேன், வேண்டாங்க, சாப்பாட்டு நேரத்துல சொன்னாத்தான் யாரும் நடுவுல எழுந்து போக மாட்டீங்க என்றாள். கிண்ணத்தைத் துடைத்து நடுவில் வைத்தாள். நீ அதைப் பார்த்து, இன்னும் இதை வச்சிருக்கியாம்மா என்று சிரித்துவிட்டு, கழற்ற ஒன்றும் இல்லாததால் போனை அப்படியே முழுசாகத் தூக்கி அதற்குள் போட்டாய். தம்பி, ஒரு விஷயம் என்று அம்மா தொடங்கினாள். கிண்ணத்துக்குள் உன் போன் அதிர ஆரம்பித்தது. எவர்சில்வரில் அது போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நீ எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனாய். நாங்கள் மூன்று பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்து, ஆபீஸ்ல தலைபோகிற வேலை, நாளைக்கே கிளம்பணும் என்றாய். அப்புறம், என்னமோ சொல்ல வந்தியேம்மா என்றாய். அவள் உன் முகத்தைப் பார்த்தாள். ஒண்ணுமில்லடா, மாடித் தண்ணித் தொட்டி ஒழுகுது, அதான் என்றாள். அப்பா மெக்கானிக்தானே, பாத்துக்குவார் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு முடித்தாய்.

ஒழுகியது தொட்டி இல்லை தம்பி. அம்மாவுக்குக் குரல் கம்மிப்போயிருக்கிறதே என்று நீயே அன்றைக்குக் கேட்டாய், பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளைத் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தி ஏற்றி இறக்குபவளுக்கு அது சகஜம்தானே என்று நீயே பதிலும் சொல்லிக்கொண்டாய். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். தொண்டையில் கட்டி. கெட்ட கட்டி. குரல்வளையை முழுசாக எடுத்தால்தான் ஆள் தப்பும், கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை போடுவோம், அதற்கப்புறம் பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைத்தான் தன் வாயால் உன்னிடம் சொல்ல வந்தாள். நீ போனபிறகு, அவன் வேலையைக் கெடுக்காதீங்க, எல்லாம் முடிஞ்சு நானே சொல்லிக்கிறேன் என்று என்னிடமும் அக்காவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எல்லாம் முடிந்தபிறகு எப்படிச் சொல்வாளாம்? அந்த அளவுக்கு யோசிக்கிற நிலைமையில் நாங்கள் யாருமே இல்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மாள் இருக்கிறார். உங்க குரலை இப்பவே பதிவு பண்ணி வச்சுக்குங்க, பிள்ளைங்களுக்கு வேணும்ல என்று அவர்தான் சொன்னார். ஆபரேஷனுக்கு முதல்நாள் மத்தியானம் அம்மா அடுப்படியில் உட்கார்ந்தாள். அக்கா அவள் புதுப் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து, சிவப்புப் புள்ளி வந்ததும் பேசும்மா என்றாள். முதலில் கூச்சப்பட்டாள், அப்புறம் மடை திறந்த மாதிரி பேசினாள். உன்னிடம்தான் தொடங்கினாள், நடுவில் எனக்குக் கொஞ்சம், அக்காவுக்குக் கொஞ்சம், மிச்சமெல்லாம் உனக்கு. நடுவில் போன் இருட்டாகிவிட்டது, அது எப்போதும் செய்வதுதானே என்று நாங்கள் தொடவில்லை. ஆபரேஷன் முடிந்து, அக்கா அதைப் போட்டுக் கேட்கலாம் என்று எடுத்தபோதுதான் தெரிந்தது. இடமில்லை என்று போன் பாதியில் நிறுத்திவிட்டது. பாதிகூட இல்லை. ஏங்க, இது ஓடுதா, பக்கத்து வீட்டு மிக்ஸியை நிறுத்தச் சொல்லுங்க என்று என்னை அதட்டுகிறாள், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தம்பி என்கிறாள், அவ்வளவுதான் இருக்கிறது. மீதி இடத்தில் எல்லாம் உன் காரும் குழாயும் உட்கார்ந்திருந்தன. தோட்டு டப்பாவில் அந்தக் கார்டு சும்மா கிடந்தது தம்பி, பாதிக்கு மேல் காலியாக. போட ஓட்டை இல்லை.

ஆபரேஷன் அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே போகும்முன் அவள் என்னிடம் சொன்ன கடைசிப் பேச்சு, அவன் கூப்பிட்டா எடுத்துப் பேசுங்க, எடுக்கலன்னா பயந்துடுவான் என்பதுதான். மத்தியானத்துக்குள் என் போன் உயிரை விடத் தொடங்கிவிட்டது. முன்பெல்லாம் சட்டைப்பையில் இன்னொரு பேட்டரி வைத்திருப்பேன், மாற்றிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். இப்போது வராந்தாவின் அந்தக் கோடியில் ஒரே ஒரு பிளக், அங்கே போய்க் கயிற்றில் கட்டின ஆடு மாதிரி உட்கார்ந்துகொண்டு நீ கூப்பிடுவாய் கூப்பிடுவாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கோடியில் அவளை வெளியே கொண்டுவந்து வேறு வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கண்ணை விழித்ததும் சுற்றுமுற்றும் என்னைத் தேடினாளாம், நர்ஸ் சொன்னார். நீ அன்றைக்குக் கூப்பிடவே இல்லை.

அவள் பேசியதில் எனக்கு ஞாபகம் இருப்பதை எழுதிவிடுகிறேன், நாளைக்கு நானும் மறந்துவிட்டால் அதுவும் போய்விடும். வெளிச் சாப்பாட்டைக் குறை என்றாள். தலைக்கு எண்ணெய் வை, உங்க அப்பா மண்டை மாதிரி ஆகிவிடப்போகிறது என்றாள். கல்யாணத்துக்கு அவசரப்படுத்த மாட்டேன், ஆனால் யாரையாவது பார்த்து வைத்திருந்தால் எங்களிடம் மறைக்காதே என்றாள். அன்றைக்கு மேஜையிலிருந்து நீ எழுந்து போனதில் வருத்தமே இல்லை என்றாள், அது பொய், எனக்குத் தெரியும். இனிமே உங்க அப்பாவுக்குத் திட்டு இல்லாமத் தூக்கமே வராது பாரு என்று சொல்லிச் சிரித்தாள். கடைசியில் எழுந்து ஜன்னலண்டை போய் நின்றாள். நீ சின்னப் பிள்ளையாகத் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தபோது எப்படிக் கூப்பிடுவாளோ அதே மாதிரி, கம்மிப்போன அந்தக் குரலை இழுத்துப் பிடித்து, சுண்டூ, சாப்பிட வாடா என்று ஒரு சத்தம் போட்டாள். கீழே போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அக்கா அழுதுவிட்டாள். அதை மட்டும் நான் எப்படி எழுதிக் காட்டுவது? எழுத்தைப் பெரிதாகப் போட்டால் வருமா?

கட்டியைச் சுத்தமாக எடுத்துவிட்டார்கள், பயமில்லை என்கிறார்கள். மெஷின் வைத்துக் கொஞ்சம் பேசப் பழகலாமாம், ஆனால் அது அவள் குரலாக இருக்காதாம். வேன் வேலையை விட்டுவிட்டாள். உதட்டசைவிலும் சிலேட்டிலும் வீடு நடக்கிறது. சாப்பாடு தயாரானால் அந்தக் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டுவாள், ஒரு தட்டுத் தட்டினால் வா, விடாமல் தட்டினால் திட்டு. இப்போது அதற்குத்தான் அது உதவுகிறது. நான் எழுதுவதைப் பின்னால் நின்று படித்துப் பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள், நான் கொடுக்கவில்லை. தொடக்கத்தில் நான் அடித்த இடத்துக்கு மேலே பென்சிலில் நலம் என்று திரும்ப எழுதியிருப்பது அவள். அதை நம்பாதே.

கோபம் எவ்வளவு இருந்தாலும் ஆசீர்வாதத்தில் குறைத்து எழுத மனசு வரவில்லை. நீண்ட நாள் நன்றாக இரு. ராத்திரி கண் விழிக்காதே. புதுப் போனை அப்படியே திருப்பி அனுப்புகிறேன், எங்களுக்கு வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதே. இதைப் படித்துவிட்டுப் பதறிப்போய் போன் பண்ணாதே. மணி அடித்தால் இன்றைக்கும் அவள்தான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து முதலில் எடுக்கிறாள். நீ அம்மா, அம்மா, ஹலோ என்று கூப்பிடுவதை எல்லாம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, அப்புறம்தான் என்னிடம் நீட்டுகிறாள். லைன் சரியில்லையாப்பா என்று நீ என்னிடம் கேட்கிறாய். லைன் ஒவ்வொரு தடவையும் நன்றாகத்தான் இருந்தது. நேரில் வா.

இப்படிக்கு,
உன் அப்பா