வடை வாசம் வந்த ரினிவல் மாதம்

இன்று தேநீர் நேரத்தில் யாரோ மசால் வடைப் பொட்டலத்தை நம் பிரிவு மேஜையில் பிரித்துவிட்டார்கள். செய்தித்தாளில் எண்ணெய் ஊற, சோம்பு வாசம் ஏசி அறை முழுக்கப் பரவியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதுவும் மென்பொருள் லைசென்ஸ்களைப் புதுப்பிக்கும் ரினிவல் மாதம். ஒருத்தராவது, "சார், வேலை எப்படிப் போகுது?" என்று என்னைக் கேட்டார்களா? "அவரு இருந்தா இந்நேரம் வடையோட வந்திருப்பாரு" என்று உன்னைப் பற்றித்தான் பேச்சு. செத்த பிறகும் என்னை நிம்மதியாக உட்கார விடமாட்டாய் போலிருக்கிறது.

நீயும் நானும் ஒரே நாளில்தான் இந்த ஆவடி அலுவலகத்தின் கணினிப் பிரிவுக்கு வந்தோம். ஒரே பதவி, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நீ திருவேற்காட்டுக்காரன், நான் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். வந்த வருஷமே வரைபட மென்பொருளின் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு லைசென்ஸுக்கு ஒரு ஆள். திறந்தாலும் திறக்காவிட்டாலும் அரசுப் பணம் போய்க்கொண்டே இருக்கும். 'இன்றியமையாத் தேவை இருப்பின் மட்டும் தெரிவிக்கவும்' என்று நான் ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். ஒரு ஒற்றுப்பிழை கிடையாது. எல்லாப் பிரிவும் 'தேவை' என்று பதில் போட்டது. தபால் பிரிவுக்குக்கூட வரைபடம் வரைய வேண்டுமாம்!

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "இன்னா மாமே, பந்தியில குந்திகினு கீறவன்கிட்ட போயி பாயசம் வோணுமான்னு கேட்டா, எவன் வேணாம்பான்?"

மறுநாள் வடைப் பொட்டலத்தோடு கிளம்பிவிட்டாய். தேநீர் நேரத்தில் ஒவ்வொரு மேஜையாகப் போய் உட்காருவது, ஆளுக்கொரு வடை கொடுப்பது, பிறகு அப்பாவி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "அண்ணாத்தே, இத்த எப்டித் தொறக்கறது? எனக்குக் கொஞ்சம் காட்டேன்" என்று கேட்பது. அவர்கள் தேடுவார்கள். கடவுச்சொல் மறந்திருக்கும். கடைசியில் அவர்களே சிரித்துவிட்டு, "எனக்கு இன்னாத்துக்குப்பா இது? எடுத்துகினு போ" என்பார்கள். அப்படி வாங்கியதையெல்லாம், ஒரே கணினிக்கு முன்னால் முறைபோட்டுக் காத்திருந்த வரைவாளர்களுக்குக் கொடுத்தாய். புதிதாக எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்து என்னிடம் சொன்னாய்: "தேவைன்னு எழுதறானுங்க பாரு, அல்லாம் பொறாம மாமே. பக்கத்து சீட்டுக்குக் கீதுன்னா தனக்கும் வோணும்." எனக்குச் சுருக்கென்றது.

தலைமை அலுவலகத்தில் உன்னை மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். மற்ற அலுவலகங்களும் உன்னைப் போலவே செய்ய வேண்டுமாம். கீழே நின்று செல்போனில் படம் எடுத்தவன் நான். அந்தப் படம் இப்போது நம் அறைச் சுவரில் மாலையோடு தொங்குகிறது. அதில் நான் இல்லை. எடுத்தவன் எப்படி இருப்பான்?

கடைசியாக ஒருநாள் என் மேஜைக்கும் வடையோடு வந்தாய். அந்த மென்பொருள் என் திரையிலும் இருந்தது. உன்னிடம் இருந்ததால் கேட்டு வாங்கியது. ஒருநாளும் நான் திறந்ததில்லை. உனக்கு அது தெரியும். திரையைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "எண்ண ஜாஸ்தியா கீது, கைய தொடச்சிக்கோ" என்று காகிதத்தை நீட்டிவிட்டுப் போய்விட்டாய். கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஊர் முழுக்கக் கேட்டவன் என்னை மட்டும் கேட்காமல் விட்டாயே, அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

போன ஐப்பசி மழையில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறினாய். அவ்வளவுதான். ஆள் போய்விட்டால் அந்த வாரமே அவருடைய லைசென்ஸைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது நீ போட்ட விதி. உன்னுடையதை மட்டும் நான் எடுக்கவில்லை. பாசம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். பாசமாவது மண்ணாவது! உன் பேரிலும் ஒன்று வீணாகப் போகட்டுமே என்று இருந்தது எனக்கு.

இன்று அந்த வடை வாசத்துக்கு நடுவில், கோவில்பதாகையிலிருந்து வரும் புது வரைவாளர் வந்து நின்றாள். "சார், நானும் பக்கத்து சீட்டு அக்காவும் வந்து இன்னொருத்தர் சிஸ்டத்த வச்சிகினு மாத்தி மாத்தி வரையறோம். எங்க ரெண்டு பேருக்கும் லைசென்ஸ் கெடைக்குமா சார்?" புதிதாக வாங்க அனுமதி இல்லை. திரையில் பார்த்தேன். திறக்கப்படாமல் கிடந்தவை உன் பெயரும், அதற்கு நேர் கீழே என் பெயரும்தான். முதலில் என்னுடையதை எடுத்தேன். பிறகு உன்னுடையதை. எடுக்கும்போது கண் கலங்கியது, போடா.

இரண்டையும் மாற்றிக் கொடுத்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, உனக்கு முன்னால் நான் ஒன்று செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சுவரில் இருந்த உன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "அவரு சொல்லி வச்சிட்டுப் போனாரா சார்?" என்றாள்.

வயிறு எரிந்தது. "ஆமாம்மா, அவர்தான் சொன்னார்" என்றேன்.

மீதியிருந்த வடையை எடுத்துத் தின்றேன். எண்ணெய் அதிகம்தான். என்னிடம் இருந்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மாமே. இந்தப் பொறாமை மட்டும் என்னிடமே இருக்கட்டும். அதையும் நீ கேட்காமல்தான் விட்டாய்.