நாகப்பனிடம் ஒன்பது நாள் இருந்த பெட்டி

ஆவடி,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் கார்த்திகாவுக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முட்டிவலி நீங்கலாக நாங்கள் இருவரும் சுகம், நீ சுகமென்று போனில் சொல்வதை மட்டும் பாதிதான் நம்புகிறேன், சாப்பிட்டாயா என்றதும் அவ்வளவு வேகமாக ஆமாம் போடுகிறவள் சாப்பிட்டிருக்க மாட்டாள். பருத்திப்பட்டு ஏரியில் அம்மாவின் நடை இரண்டு சுற்றிலிருந்து ஒன்றாகிவிட்டது, மீதி நேரம் பெஞ்சில் பேச்சு.

உன் பெட்டி விஷயத்துக்கு வருகிறேன், கோபப்படாமல் படி. வெளிநாட்டில் நர்சிங் சேர முதலில் ஆன்லைனில் அடிப்படை உயிரியல் முடிக்க வேண்டும் என்று நீ சொன்ன நாளிலிருந்தே எனக்கு அது சரியாகப் படவில்லை. வாத்தியாரை நேரில் பார்த்ததில்லை, ஆய்வகம் கிடையாது, இது என்ன படிப்பு? முப்பது வருஷமாகத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன், அளந்து பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூட வெளியே விட்டதில்லை. அப்படிப்பட்டவன் கையில் உன் பெயர் போட்டு, கேள்விப்படாத கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. பிரித்தால் சின்னச் சின்ன பாட்டில்கள், நீலச் சாயம், கண்ணாடித் துண்டுகள், உறை போட்ட கத்தி. உன்னையே கேட்டிருக்கலாம். மழுப்புவாய் என்று நினைத்து நேராக குவார்ட்டர்ஸ் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அங்கிருக்கும் நாகப்பன் என்னை மிஞ்சிய சந்தேகக்காரர், "இன்னா சார், பொண்ணு எதுனா மருந்து காய்ச்சுதா" என்று கேட்டுப் பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் பெட்டியைக் காணோமென்று நீ போனில் அழுதபோதுதான் தெரிந்தது, அது பாடத்தோடு வரும் செய்முறைப் பெட்டி, இருபதாம் தேதிக்குள் செய்து வீடியோ எடுத்து அனுப்பாவிட்டால் இந்த வருஷம் விண்ணப்பமே போட முடியாதென்று. எந்தப் படிவத்திலும் குவார்ட்டர்ஸ் விலாசத்தைத்தான் எழுத வேண்டும் என்று உனக்குச் சொல்லி வைத்தவனும் நான்தான். அப்போதும் முழுசாக நம்பாமல் நம் ஆஸ்பத்திரி நர்ஸ் அகல்யாவைக் கையோடு கூட்டிப்போய்க் காட்டினேன். "அய்யே, வெங்காயத் தோலை வச்சுப் பாக்குற கண்ணாடி சார் இது, இதுக்கா இத்தினி ரகளை" என்று அவள் சிரித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பெட்டியைத் திருப்பித் தர நாகப்பன் ஒரு தாளை நீட்டினார். பொருள் எதற்கு என்ற இடத்தில் வந்து என் பேனா நின்றுவிட்டது. பத்தாவது முடித்ததும் நீ உயிரியல் என்று எழுதிய படிவத்தில் அதை அடித்து வணிகவியல் என்று எழுதியது நான். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது தப்பு கார்த்திகா. இன்று "என் மகள் உயிரியல் படிக்கிறாள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இந்தக் கடிதத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்து கூரியரில் அனுப்புகிறேன். பாட்டில்கள் பதினான்கு, கிடைத்ததும் எண்ணிப் பார், கூரியர்காரர்களை நம்ப முடியாது. கத்தி நல்ல கூர், விரல் பத்திரம். எங்கள் இருவர் ஆசியும் உனக்கு என்றைக்கும் உண்டு. தேதி தவறிப்போனால் அந்த வாத்தியாரின் விலாசத்தைக் கொடு, தாமதம் என் மகளால் இல்லை, என்னால் என்று நானே எழுதுகிறேன்.

உன் அப்பா,
லட்சுமணன்