மீனுக்குப் பூசிய மஞ்சள்

ஜூலை 24, வியாழன்

விடியும் முன்னே மழை. ஆடி அமாவாசை, இங்கே மலையாளத்துக்காரர்களுக்குக் கர்க்கடக வாவு. கரமனை ஆற்றங்கரையில் பலி போடக் குடையோடு வரிசை. உளுந்து தீர்ந்தது. செல்வத்துக்கு மாத்திரை இரண்டு அட்டை.

காலேஜ் டீச்சர் போன். அடுத்த வெள்ளிக்கிழமை வண்டியோடு வருகிறாராம். தம்பி செல்வத்தின் மீன் கல் எல்லாம் காலேஜ் மியூசியத்துக்கு. கண்ணாடிப் பெட்டி, அடியில் அவன் பேர். அவனிடம் சொன்னேன். "சரி" என்றான். பக்கவாதம் வந்த பிறகு அவனிடம் மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். இழுத்துச் சொன்னால் வேண்டாம். வெட்டிச் சொன்னால் கோபம். இன்றைக்குச் சொன்னது புது மாதிரி, கடைசியில் கொஞ்சம் மேலே போனது.

கோதாவரிக் கரையில், சிமெண்ட் கம்பெனிக்குச் சுண்ணாம்புக் கல் வெட்டும் குழியில் சூப்பர்வைசராக இருந்தான். கல்யாணம் இல்லை. கூட வேலை பார்த்தவர்கள் ஊருக்கு நகை வாங்கி வந்தார்கள். இவன் துணிப்பெட்டி நிறையக் கல். கல்லுக்குள் மீன், செதில் கலையாமல், நேற்றுப் பிடித்தது மாதிரி. ஜுராசிக் காலத்து மீன் என்பான். எத்தனை வருஷம் என்றும் சொன்னான், என் வாயில் நிற்கவில்லை. பெருமாள் மச்சாவதாரம் எடுத்தது அப்போதா என்று கேட்டேன். "அதுக்கும் முந்தி, அக்கா" என்றான். அதுக்கும் முந்தி என்ன இருந்திருக்கும்?

அத்தான் லாட்ஜ் வேலை முடிந்து தம்பானூரிலிருந்து வந்ததும், "மீனெல்லாம் போனா அலமாரி காலியாவும்லா? நெத்திலிக் கருவாடு அடுக்கிரலாமா?" அமாவாசையும் அதுவுமாய் இவர் பேச்சு.

ஜூலை 25, வெள்ளி

மழை. துணி காயவில்லை, வீடெல்லாம் ஈர நாற்றம்.

பழைய சேலையைக் கிழித்து ஒவ்வொரு கல்லாகப் பொதிந்தேன். கீழ்த்தட்டில் துண்டு சுற்றி ஒரு கல், நான் பார்த்ததே இல்லை. சின்ன மணைப்பலகை அளவு. வளைந்த உடம்பு. வரிசை வரிசையாய்ச் செதில், கருப்பட்டிப் பாகு மாதிரி மினுக்கம். தலையும் இல்லை, வாலும் இல்லை. உள்ளங்கால் குளிர்ந்துவிட்டது. பாம்பு.

பக்கத்து வீட்டு ராதம்மையைக் கூப்பிட்டேன். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இது நாகமாணு சேச்சி. நாகத்தை யாராவது அலமாரியில பூட்டி வைப்பாங்களா? பின்னே அனியன் செல்வத்துக்குக் கை கால் போகாம என்ன செய்யும்?"

ஊரில் அரசமரத்தடி நாகர் கல் ஞாபகம் வந்தது. அம்மா மஞ்சள் பூசுவாள், பால் ஊற்றுவாள். இவன் நாகத்தைத் துண்டில் சுற்றி அடைத்து வைத்திருக்கிறான். நாளைக்கு ஆயில்யம், நாகத்துக்கு உகந்த நட்சத்திரம். தானாக வந்த நாள்.

செல்வம் தூக்கம். எழுப்பிக் கேட்கவில்லை. கேட்டால் சரி என்றுதான் சொல்வான்.

ஜூலை 26, சனி

ஆயில்யம். குளித்து ஈரத்தலையோடு பின்னால் செம்பருத்திச் செடி மூட்டில் கல்லை வைத்தேன். பால் அரை லிட்டர். ஊரில் பொடித்த விரலி மஞ்சள், பச்சரிசி மாவு. செதில் ஒன்று விடாமல் பூசினேன். ராதம்மை குடை பிடித்தாள். விளக்கு இரண்டு தடவை அணைந்தது. "தெரியாத பய, அடைச்சு வெச்சிட்டான். கையை மட்டுமாவது திருப்பிக் குடுத்திரு" என்று கேட்டேன். மனசு அப்படி லேசானது.

வாக்கரை இழுத்துக்கொண்டு செல்வம் பின்வாசலுக்கு வந்தான். பார்த்தான். அந்த "சரி" கூட வாயில் வரவில்லை. இடது கையால் கதவில் அடித்தான். பிறகு அந்தக் கையை விரித்து, ஆட்டி ஆட்டி, தண்ணீரில் போகிற மாதிரி காட்டினான்.

மீன்.

அப்புறம்தான் எல்லாம் விளங்கியது. மற்ற கல்லை மாதிரியே இதையும் ஊசி வைத்து வருஷக் கணக்கில் சுரண்டி, உடம்பை மட்டும் வெளியே எடுத்திருக்கிறான். தலையும் வாலும் இன்னும் கல்லுக்குள். இருக்கிறதிலேயே நல்ல மீன், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பத்திரமாய்ச் சுற்றி வைத்தது.

குழாயடியில் கழுவினேன். மாவு போனது, மஞ்சள் போகவில்லை. செதில் இடுக்கெல்லாம் ஏறிவிட்டது. சுண்ணாம்புக் கல் அல்லவா, ஓரமெல்லாம் ஆரத்தித் தண்ணீர் மாதிரி சிவப்பு. தேங்காய்ச் சகிரி எடுத்துத் தேய்க்கப் போனேன், செல்வம் உறுமினான். விட்டுவிட்டேன்.

அத்தான் விஷயம் தெரியாமல், "பாம்புக்கு அரை லிட்டர் பாலு, எனக்கு பாலில்லாத கட்டன் சாயாவா?" யாரும் சிரிக்கவில்லை. அவரே டம்ளரைக் கழுவி வைத்தார்.

ஜூலை 27, ஞாயிறு

மழை. செல்வம் கஞ்சியைத் தொடவில்லை. ஒரு சரி கூட இல்லை.

டீச்சருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

"தேய்க்கண்டா சேச்சி. சோப்பும் வேண்டா. மஞ்சள்தானே, நல்ல வெயில்ல வெச்சா மங்கும்."

"வெயிலுக்கு நான் எங்கே போவேன் டீச்சரே?"

மஞ்சள் கறை வெயிலில் போகும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை சேலை காயப் போட்டிருக்கிறேன். பதறினதில் புத்தி வேலை செய்யவில்லை.

"செதில் ஒண்ணும் இடம் மாறாத இது மாதிரி மீனை நான் வேற கண்டதில்லை" என்றார் டீச்சர். "கறை போகலேன்னா இப்ப எடுக்க முடியாது. மத்ததைக் கொண்டு போறேன். இது பின்னே பார்க்கலாம்."

அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் செல்வத்திடம் சொல்லவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான்.

ஜூலை 28, திங்கள்

மழை. கரண்ட் இல்லை. அம்மியில் துவையல்.

கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "செல்வா, உன் கைக்காகத்தான் செய்தேன்டே." சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். போர்வை நழுவியிருந்தது, இழுத்துவிட்டேன். அதைத் தடுக்கவில்லை.

சூரிய பகவானுக்கு எருக்கம்பூ மாலை நேர்ந்திருக்கிறேன். நாகராஜா கோவிச்சுக்க மாட்டார். அவருக்குத்தான் பால் போய்ச் சேர்ந்ததே. சேர்ந்ததா?

ஜூலை 30, புதன்

நேற்றெல்லாம் மழை, எழுத ஒன்றும் இல்லை. இன்று சமையல் பாதியில் இருக்கும்போது வெளிச்சம். அடுப்பை அணைத்துவிட்டு மொட்டைமாடிக்கு. கல்லைத் தாம்பாளத்தில் வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பால் வாசனைக்குக் காக்கை வந்தது.

ராதம்மை அவள் மாடியிலிருந்து, "நாகத்துக்கு வெயிலா சேச்சி?"

"நாகம் இல்ல, மீனு. நாம ரெண்டு பேரும் சேர்ந்து மீனுக்குப் பால் ஊத்தியிருக்கோம்."

யோசித்தாள். "மீனும் பாலும் சேரக்கூடாதே சேச்சி. தேமல் வரும்."

ஐந்து நாளைக்குப் பிறகு சிரித்தேன். சிரித்து முடிக்கும் முன் மழை. கல்லைச் சேலைக்குள் அணைத்துப் படியில் ஓடினேன். முழங்கால் தோல் போயிற்று. கல்லுக்கு ஒன்றுமில்லை.

ஜூலை 31, வியாழன்

காலையிலிருந்தே வெயில். மதியத்துக்குள் மஞ்சள் பாதி. சாயங்காலம் செதில் பழைய நிறம், ஓரத்தில் மட்டும் பழைய வேட்டி மாதிரி ஒரு மங்கல். ஜன்னல் வெளிச்சத்தில் செல்வம் மடியில் வைத்தேன். விரலால் வரிசை வரிசையாய்த் தடவினான். தோசை மூன்று சாப்பிட்டான்.

எருக்கம்பூ நாளைக் காலை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எருக்கம்பூ மாலை சாத்தியாச்சு. மேகம் இருக்கிறது, மழை இல்லை.

டீச்சர் வந்தார். டிரைவரும் அத்தானும் சேலைப் பொதிகளை வண்டியில் ஏற்றினார்கள். என் கல்யாணச் சேலையின் ஒரு துண்டு கூடப் போகிறது. பேர் எழுதின அட்டையை டீச்சர் செல்வத்திடம் காட்டினார். அவன் நெடுநேரம் வாசித்தான்.

கடைசியாக அந்தக் கல். லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"நல்லாப் போயிருக்கே. கொண்டு போகலாம் சேச்சி."

நான் கும்பிடக் கை தூக்கினேன். செல்வம் இடது கையைக் கல் மேல் வைத்துவிட்டான். எடுக்கவில்லை.

"கொடுக்க இஷ்டம் இல்லையா?" என்று கேட்டார் டீச்சர்.

அவன் கல்லின் மொட்டையான பக்கத்தைத் தட்டிக் காட்டினான். தலை இருக்கும் பக்கம். டீச்சர் அவன் கையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். பிறகு மேஜை மேலேயே வைத்தார். "தலை வெளிய வரட்டும். அப்ப கூப்பிடுங்க, நானே வந்து எடுத்துக்கறேன்."

வண்டி போனது. அத்தானுக்குச் சோறு. மிச்சப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், செல்வம் மேஜையில் ஊசிப் பெட்டியைத் திறந்திருக்கிறான். இடது கையில் ஊசி. ஒரு தடவை குத்தினான், கல் நழுவியது. இன்னொரு தடவை, மறுபடி நழுவியது. வலது கை மடியில் சும்மா கிடக்கிறது.

என்னைப் பார்த்தான். வாய் கோணிக்கொண்டு போனது. "சரி" வரும் என்று நின்றேன்.

"பிடி" என்றான்.

கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டு வந்து பிடித்தேன். தூசு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாய் உதிர்ந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை. எழுந்திருக்கவில்லை.