ஒரே மூடியில் இரண்டு அடையாளம்

செவ்வாய், இரவு.

ரயில் பெட்டியின் சக்கர அச்சு சுழலும் ஆக்ஸில் பாக்ஸில் கிரீஸ் போட்டவர், மூடி மேல் சாக்பீஸால் தன் அடையாளத்தைப் போட வேண்டும். எங்கள் ஷெட்டில் அதுதான் வழக்கம். இன்று ஒரே மூடியில் என் கோடும் இருந்தது, கூட வேலை பார்க்கும் செல்வியின் வட்டமும் இருந்தது. இரண்டு பேரும் போட்டிருந்தால் கிரீஸ் அதிகமாகி பேரிங் சூடாகிவிடும். பதறிப்போய்த் திறந்தோம். ஒருவர் போட்ட அளவுதான் இருந்தது.

"நான் போட்டேண்ணே, நல்லா ஞாபகம் இருக்கு," என்றாள்.

"நானும்தான் போட்டேன்."

அவள் சிரித்தாள். சிரிக்க என்ன இருக்கு?

ஸ்ரீரங்கம் வந்து சேரும்வரை பஸ்ஸில் இதே யோசனை. கிரீஸ் போடாமலே அடையாளம் போட்டது யார்? அவள் என்றால் பரவாயில்லை, நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். நான் என்றால்? நேற்று கிளம்பிப் போன பெட்டியில் எல்லா மூடியிலும் என் கோடு மட்டும்தான் இருந்தது.